தீர்ப்புக்குப் பிறகு விவாகரத்தை ரத்து செய்யும் காட்சி சரியா?

விவாகரத்தான ஜோடி மனம் மாறி, நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துகொள்வதாக உங்கள் கதையின் கிளைமாக்ஸை எழுதியிருக்கிறீர்கள். நிஜத்தில் அப்படி நடக்காது. தீர்ப்பு வந்து இரண்டு வருடம் கழித்து அந்த ஜோடி கடலூர் நீதிமன்றத்துக்குப் போய், "சேர்ந்து வாழ்கிறோம்" என்று சொன்னால் நீதிபதி விவாகரத்தை ரத்து செய்ய மாட்டார். மறுபடி கல்யாணம்தான் செய்துகொள்ள வேண்டும். சட்டத்தில் அதற்குத் தடை இல்லை.

காத்திருப்புக் காலத்தோடு குழப்பிக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். பரஸ்பர சம்மத மனு (இருவரும் சேர்ந்து விவாகரத்து கேட்கும் மனு) போட்டபின் பொதுவாக 6 மாதம் காத்திருக்க வேண்டும் (2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி அதைத் தளர்த்தவும் முடியும்). தீர்ப்புக்கு முன் ஒருவர் சம்மதத்தை விலக்கிக்கொண்டாலே அந்த மனு நிற்காது.

அதனால் கதையில் மனம் மாறும் நாள் தீர்ப்புக்கு முன்னா பின்னா என்று பாருங்கள். முன்னால் என்றால் நீதிமன்றக் காட்சி இருக்கட்டும். பின்னால் என்றால் காட்சியைக் கடலூர் பக்கத்திலுள்ள திருவந்திபுரம் கோயிலுக்கு மாற்றுங்கள். முகூர்த்த நாளில் வரிசையாகக் கல்யாணம் நடக்கும் இடம். புது ஜோடிகள் நடுவே இவர்கள் இருவரும் மாலையோடு நிற்பது நீதிமன்ற வசனத்தைவிட மனதைத் தொடும். அப்புறம் திருமணப் பதிவும் புதிதாகச் செய்ய வேண்டும்.

இதெல்லாம் இந்து திருமணச் சட்டப்படி. கதையைப் புதுச்சேரிக்கு நகர்த்தி, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு உட்பட்ட குடும்பமாக வைத்தால் அங்குள்ள வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.