ஆம்பூல் கணக்கு இடிக்கிறதே!

புதுச்சேரி தனியார் மருத்துவமனை ஒன்றில் வார்டு இன்சார்ஜாக இருக்கிறேன். ஒரு சிஸ்டரின் நைட் டூட்டியில் மட்டும் வலி ஊசிகள் அதிகம் செலவாகின்றன. நன்றாக வேலை தெரிந்த பெண். சந்தேகப்பட மனம் கூசுகிறது. எப்படி உறுதி செய்வது? எப்படிப் பேசுவது?
– பெயர் வேண்டாம், புதுச்சேரி

வேலை தெரிந்தவர் என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். மருந்து கிடைக்கும் இடம் வார்டுதான் என்பதால், போதை ஊசிப் பழக்கத்தில் சிக்கிய செவிலியர் வேலையைக் கடைசிவரை கெட்டியாகப் பிடித்திருப்பார். லீவு நாளிலும் வந்து நிற்பார், அடுத்தவர் நோயாளிக்கும் 'ஊசியை நானே போட்டுடறேன்' என்று முன்வருவார். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல குணமாகத்தான் தெரியும்.

அதனால் முதலில் ரிஜிஸ்டரைப் பாருங்கள். கடந்த நான்கு வாரத்துக்கு டாக்டர் எழுதிய ஆர்டர், கேஸ் ஷீட்டில் ஊசி போட்ட நேரம், ஸ்டாக் ரிஜிஸ்டர், காலி ஆம்பூல் (ஊசி மருந்து வரும் சிறு கண்ணாடிக் குப்பி) எண்ணிக்கை நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஃபென்டனில் என்ற வலி ஊசியின் 2 மி.லி. ஆம்பூலில் 100 மைக்ரோகிராம் இருக்கும். டாக்டர் 50 எழுதியிருந்தால் 1 மி.லி. மிச்சம். அதை இன்னொருவர் கண்ணெதிரே கொட்டி, அப்போதே சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாகக் கையெழுத்து வாங்கும் வழக்கம் இருந்தால், ஓட்டை அங்கேதான். 'ஆம்பூல் கை தவறி உடைந்தது' என்ற குறிப்பு ஒரே கையெழுத்தில் திரும்பத் திரும்ப வருகிறதா என்றும் பாருங்கள்.

நோயாளிகளிடமும் கேளுங்கள். வலி ஊசி போட்டதாக எழுதியிருக்கும், நோயாளியோ விடிய விடிய முனகியிருப்பார். மருந்துக்குப் பதில் சலைன் போயிருக்கலாம். செவிலியர் தனக்குக் குத்திக்கொண்ட சிரிஞ்ச் நோயாளிக்கும் பயன்பட்டால் ஹெபடைடிஸ் சி கூடப் பரவும். அதனால்தான் 'பாவம், போகட்டும்' என்று விட முடியாது.

மார்ஃபின், ஃபென்டனிலைப் பூட்டி வைத்துவிட்டு, டிரமடால், பென்டாசோசின் என்ற வலி ஊசிகளையும் மிடாசோலம் என்ற மயக்க ஊசியையும் டிராலியில் திறந்து வைக்கும் இடங்கள் உண்டு. டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. இவற்றையும் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் இருவர் எண்ணி ஒப்படைக்க வேண்டும்.

உடல் அறிகுறிகள்: ஓபியாய்டு (மார்ஃபின், ஃபென்டனில் போன்ற வலி மருந்து) ஏறியிருக்கும்போது கண்பாவை ஊசிமுனையளவு சுருங்கும். இறங்கும்போது கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு. பென்டாசோசினை நெடுநாள் குத்திக்கொண்டால் தொடையும் கையும் மரக்கட்டை போல இறுகிப் புண்ணாகும். நம் கடலோரப் புழுக்கத்திலும் முழுக்கை போடுவது அதை மறைக்கத்தான் இருக்கும். ஆனால் நைட் டூட்டியில் யாருக்குத்தான் கொட்டாவி வராது? கணக்கும் உடலும் சேர்ந்து ஒன்றையே சொன்னால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

தனியாகப் பேசாதீர்கள். நர்சிங் சூப்பிரண்டும் நீங்களும் தனி அறையில், தேதியும் எண்ணிக்கையும் கையில் வைத்துப் பேசுங்கள். 'போதைக்காரி' என்ற சொல் வாயில் வரக் கூடாது. அவர் மறுப்பார், அழுவார். அன்றே டூட்டியிலிருந்து எடுங்கள், ஆனால் தனியே ஸ்கூட்டியில் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். உண்மை வெளிப்பட்ட முதல் சில மணி நேரத்தில்தான் உயிரை மாய்த்துக்கொள்ளும் ஆபத்து அதிகம். மனநல மருத்துவரிடம் உடன் போக ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டே பேச்சைத் தொடங்குங்கள்.

அனுபவச் சான்றிதழ் கொடுத்துச் சத்தமில்லாமல் அனுப்பிவிடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. அடுத்த மாதம் அவர் வேறு மருத்துவமனையில் மருந்து அலமாரிச் சாவியோடு நிற்பார்.

முதுகு வலிக்குப் போட ஆரம்பித்த டிரமடால் இப்போது தினம் இரண்டு ஆம்பூல். நானும் செவிலியர்தான். வெளியே சொன்னால் ஜெயிலா? நானே நிறுத்திவிட முடியாதா?
– ஒரு சகோதரி, கடலூர்

எழுதியதே பெரிய காரியம் அம்மா. தனியாக நிறுத்தப் பார்க்காதீர்கள். உடல்வலியும் பதற்றமும் தாங்காமல் மறுபடி ஊசியைத் தேட வைக்கும். டிரமடால் அளவு கூடினால் வலிப்பும் வரும். கூடவே அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை எடுத்தால், அதைத் திடீரென்று நிறுத்துவதாலும் வலிப்பு வரும். மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள்.

கடலூரில் தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற பயம் இருந்தால், புதுச்சேரி ஜிப்மர் மனநலத் துறையில் போதை மீட்பு சிகிச்சை உண்டு. பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். முதலில் பேச மட்டும் வேண்டுமென்றால் போதை மீட்பு உதவி எண் 14446, அல்லது மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இரண்டுமே இலவசம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காக்கச் சொல்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்தாலும், தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சை பெறுபவருக்கு அந்த வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கைத் திரும்பப் பெறலாம். மருத்துவமனை மருந்தை எடுத்ததற்கு இது பொருந்தாது. அதற்கு ஒரு வக்கீலைக் கேளுங்கள்.

பின்னாளில், மறுபடி பழக்கத்துக்குத் திரும்பாமலிருக்க நால்ட்ரெக்சோன் 50 மி.கி. மாத்திரை தரலாம். 7 முதல் 10 நாள் ஓபியாய்டு எதுவும் எடுக்காமல் இருந்த பிறகே அதைத் தொடங்க வேண்டும். அவசரப்பட்டால் கடும் அவதி. வேலைக்குத் திரும்பும்போது மருந்துச் சாவி, தனி நைட் டூட்டி இல்லாத ஓ.பி. போன்ற இடத்தைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்றை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்: சில வாரம் விட்டிருந்தால் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும், பழைய அளவையே மறுபடி போட்டால் மூச்சு நின்றுவிடலாம்.