நான்கே மாதத்தில் போன வீல் பேரிங்: பழி விலையிலா, பொருத்தியதிலா?

கேள்வி: பழைய ஏடிவி (கரடுமுரடான பாதையில் ஓடும் நான்கு சக்கர வண்டி) ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். முன் இடது சக்கரத்தில் கரகரவென்று சத்தம் வந்ததால், சக்கரம் உராய்வில்லாமல் சுழல உதவும் பேரிங்கை மாற்றினேன். நான்கே மாதத்தில் அதே சத்தம் திரும்பிவிட்டது. வண்டிக் கம்பெனியின் பேரிங் விலை அதிகம். சீலோடு சேர்ந்த செட் இணையத்தில் அதில் பாதி விலைக்குக் கிடைக்கிறது, போன முறை அதைத்தான் வாங்கினேன். மலிவாக வாங்கியதுதான் தவறா? இந்த முறை எதை வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்குவதற்கு முன்னால், போன பேரிங்கைக் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரத்திலிருக்கும் ரப்பர் சீலை மெல்லிய ஊசியால் நெம்பினால் வந்துவிடும். உள்ளே கிரீஸ் வெளுத்து, துரு கலந்து கிடந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கிரீஸ் நன்றாக இருந்தும், குண்டுகள் ஓடும் பாதையில் ஒரே இடைவெளியில் வரிசையாகப் பள்ளங்கள் தெரிந்தால், பொருத்தும்போதே அடிபட்டிருக்கிறது. கழற்றும்போது தட்டியதிலும் அப்படிப் பள்ளம் விழும், ஆனால் அது புதிதாகப் பளபளக்கும். முன்பே விழுந்த பள்ளத்தைச் சுற்றி உலோகம் செதில் செதிலாக உரிந்திருக்கும். இந்த இரண்டில் எது நடந்திருந்தாலும், உயர்ந்த விலை கொடுத்து வாங்கிய பேரிங்குக்கும் அதே கதிதான் வந்திருக்கும்.

இப்போது வாங்கும் விஷயம். வண்டி தயாரிப்பவர்கள் பெரும்பாலும் பேரிங்கைத் தாங்களே செய்வதில்லை. எஸ்கேஎஃப், என்எஸ்கே, என்டிஎன், கோயோ போன்ற பேரிங் கம்பெனிகளிடம் வாங்கித் தங்கள் பெட்டியில் போட்டுத் தருகிறார்கள். அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது வளையத்தின் மேல் பொறித்திருக்கும் எண்ணை. உதாரணமாக 6205-2ஆர்எஸ் என்று இருந்தால், கடைசி இரண்டு இலக்கமான 05-ஐ ஐந்தால் பெருக்குங்கள், உள்விட்டம் 25 மில்லிமீட்டர். அதன் வெளிவிட்டம் 52, அகலம் 15. 6005-க்கும் உள்விட்டம் அதே 25தான், ஆனால் வெளிவிட்டம் 47, அகலம் 12. படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அதனால் படத்தை நம்பி வாங்காதீர்கள். 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல். இசட்இசட் என்றால் தகட்டு மூடி, அது தூசியை ஓரளவு தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. சேற்றில் ஓடும் வண்டிக்கு அது வேண்டாம். சி3 என்று சேர்த்துப் போட்டிருந்தால் குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் நடுவிலுள்ள உள் இடைவெளி சற்றுக் கூடுதல் என்று பொருள். பழையதில் அது இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும். முன்பு யாராவது தவறான பேரிங்கை மாட்டியிருக்கலாம் என்பதால், பழைய வண்டியில் எண்ணைப் பார்ப்பதோடு நிற்காமல் பார்ட்ஸ் புத்தகத்தோடும் ஒப்பிட்டுவிடுங்கள்.

அந்த எண்ணோடு, பேர்பெற்ற பேரிங் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் போனால் வண்டிக் கம்பெனியின் விலையைவிடப் பல நேரம் குறைவாகவே கிடைக்கும். பேரிங்கில் டூப்ளிகேட் மிக அதிகம். பெட்டி, எழுத்து, பொறிப்பு எல்லாமே அச்சு அசலாக இருக்கும், கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பெட்டியிலுள்ள குறியீட்டைச் சரிபார்க்க எஸ்கேஎஃப், ஷேஃப்லர் போன்ற பேரிங் கம்பெனிகள் மொபைல் செயலியே வைத்திருக்கின்றன. செட் வாங்குவதில் தவறில்லை, ஆனால் உள்ளிருக்கும் பேரிங் எந்தக் கம்பெனியுடையது என்று விற்பவர் சொல்ல வேண்டும். சொல்லாத செட்டை நான் வாங்க மாட்டேன். பேரிங்குக்கு வெளியே தனியாக வரும் சீலை மட்டும் வண்டிக் கம்பெனியிடமே வாங்குங்கள். அதன் உதட்டின் (தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் விளிம்பின்) வடிவம் அந்த வண்டிக்கென்றே செய்யப்பட்டிருக்கலாம்.

பொருத்தும்போது இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நக்கிளுக்குள் (சக்கரத்தைத் தாங்கும், பேரிங் உட்காரும் உலோகப் பாகம்) பேரிங்கை ஏற்றும்போது அழுத்தம் வெளிவளையத்தில் மட்டுமே விழ வேண்டும். உள்வளையத்தில் தட்டினால் அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகத்தான் போகும், பள்ளம் அங்கேயே விழுந்துவிடும். பேரிங்கை இரவு முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள். நக்கிளை ஹீட் கன்னால் சூடாக்குங்கள். நக்கிள் அலுமினியம் என்றால், அது பேரிங்கின் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் பாதி வேலை சூட்டிலேயே முடிந்துவிடும். சில நேரம் கையால் அழுத்தினாலே டப்பென்று உட்காரும். அப்புறம் சர்க்கிளிப் (பேரிங் நழுவாமல் பிடிக்கும் வளையக் கிளிப்) அதற்கான காடியில் முழுதாக விழுந்திருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். நடுவில் ஸ்பேசரோடு (இடைவெளியைக் காக்கும் குழாய்த் துண்டு) இரண்டு பேரிங் இருக்கும் வண்டி என்றால், முதலாவதை அடிவரை ஏற்றி, ஸ்பேசரை வைத்து, இரண்டாவது அதைத் தொட்டவுடன் நிறுத்திவிடுங்கள். நட்டை மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு இறுக்கி, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னைப் புதிதாகப் போடுங்கள்.

நக்கிளின் உள்சுவர் பாலிஷ் போட்டதுபோல் மின்னினால், பழைய பேரிங் அதற்குள்ளேயே சுற்றியிருக்கிறது. அங்கே புதுப் பேரிங்கும் லூசாகத்தான் உட்காரும். பஞ்ச் என்ற கூர்முனை உளியால் உள்சுவரில் புள்ளி குத்தி இறுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். மிகச் சிறிய இடைவெளி என்றால் அதற்கென்று விற்கும் பசை தாங்கும். மற்றபடி நக்கிளையே மாற்ற வேண்டியதுதான். நான்கு மாதத்தில் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், கட்டாயம் பாருங்கள்.

கேள்வி: சத்தம் வருவதற்கு முன்பே பேரிங் போகிறது என்று தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: முடியும். ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். சக்கரத்திலேயே டிஸ்க் பிரேக் இருக்கும் வண்டியில், பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் (நக்கிளைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு) பக்கம் தேடுங்கள். பிறகு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, மறு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் வையுங்கள். காதுக்கு எட்டாத கரகரப்பு விரலில் தெரியும்.

கேள்வி: சீல் வைத்த பேரிங்குக்குக் கிரீஸ் போட வேண்டுமா? ஓடையில் இறக்கி ஓட்டுவது வழக்கம்.

பதில்: சாதாரண ஓட்டத்துக்கு வேண்டாம். அடிக்கடி தண்ணீரில் இறங்குபவர்கள், பொருத்துவதற்கு முன் சீலைத் தூக்கித் தண்ணீரைத் தாங்கும் கிரீஸைக் கொஞ்சம் சேர்க்கலாம். உள்ளிருப்பது பாலியூரியா வகை என்றால் லித்தியம் கிரீஸைக் கலக்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால் இளகி ஓடிவிடும். நீண்ட ஓட்டத்தில் சூடான ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளேயிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அதனால் ஓடைக்கு முன்னால் வண்டியைச் சற்று நிறுத்தி ஆறவிடுங்கள். கழுவும்போதும் பிரஷர் வாஷரை ஹப்புக்கு நேராகப் பிடிக்காதீர்கள். அங்கே சாதாரண குழாயும் பிரஷும் போதும்.