சைக்கிள் பயணம்: வாசகர் கேள்வி – பதில்

வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில் சைக்கிள் பயணம் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

மூட்டு வலி உள்ளவள் நான். ஏற்றம் ஆகாது. வண்டிகளுக்கு நடுவே ஓட்டவும் பயம். பழைய ஊர்களைப் பார்த்துக்கொண்டே நிதானமாகப் போக எங்கே தொடங்கலாம்? – திருச்சி வாசகி

கார்தா ஏரியின் தென்கரையில் இருக்கும் பெஸ்கியெராவில் தொடங்குங்கள். ஏரியிலிருந்து மின்ச்சோ ஆறு புறப்படும் இடம் அது. ஆற்றையும் அதன் வாய்க்கால்களையும் ஒட்டித் தெற்கே சுமார் 45 கி.மீ. போனால் மாந்தொவா. பெரும்பகுதி தார் போட்ட தனிச் சைக்கிள் தடம். ஏரி கடல் மட்டத்துக்கு மேல் 65 மீட்டர், மாந்தொவா ஏறக்குறைய 20 மீட்டர். 45 கி.மீ. தூரத்துக்கு 45 மீட்டர் இறக்கம் என்பதால், இறங்குவது காலுக்கே தெரியாது. வடக்கிலிருந்து தெற்கே போவதில் லாபம் கொஞ்சம்தான், இருந்தாலும் மூட்டு வலிக்காரர்கள் அதை விட வேண்டாம்.

முதல் 15 கி.மீ.யில் பொர்கெத்தோ வரும். ஆற்றுக்குள்ளேயே கட்டிய பழைய மாவு ஆலைகள், மேலே 1393-இல் விஸ்கொந்தி பிரபு கட்டத் தொடங்கிய அணைப்பாலம். ஞாயிறு மதியம் அங்கே போனால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கும், அவ்வளவு கூட்டம். காலை பத்து மணிக்குள் அந்த ஊரைக் கடந்துவிடுங்கள். தண்ணீரும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு தடத்தை ஒட்டிக் கடைகள் குறைவு.

மாந்தொவாவை மூன்று ஏரிகள் வளைத்திருக்கின்றன. 12-ஆம் நூற்றாண்டில் மின்ச்சோவைத் தேக்கி உண்டாக்கியவை அவை. ஜூலை, ஆகஸ்டில் போனால் மேல் ஏரியில் ஏக்கர் கணக்கில் தாமரை பூத்திருக்கும். ஆசியாவிலிருந்து கொண்டுவந்து 1921-இல் விட்ட கொடி இன்று வெட்டி வெட்டிக் கட்டுப்படுத்தும் அளவுக்குப் பரவிவிட்டது. ஊரை ஆண்ட கொன்சாகா பிரபுக்களின் அரண்மனையில் ஓவியர் மாந்தென்யா 1474-இல் முடித்த சுவரோவிய அறையைப் பார்க்காமல் ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு இரவு வந்து சேர்ந்து திங்கள் பார்க்கலாம் என்று திட்டம் போட்டுவிட்டு வாசலில் நிற்பவர்கள் நிறையப் பேர்.

மாந்தொவாவுக்குத் தெற்கேயும் வாகனம் இல்லாத பாதை உண்டா? – சென்னை வாசகர்

தொடர்ச்சியாக இல்லை. அதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. மாந்தொவாவிலிருந்து சான் பெனெதெத்தோ போ வரை இருபது கி.மீ.க்குச் சற்று மேல். 1007-இல் நிறுவிய மடாலயம் உள்ள ஊர் அது. வழியில் கரைமேல் தடம், சிற்றூர்ச் சாலை என்று மாறி மாறி வரும். கரைமேல் செல்லும் பாதையின் தொடக்கத்தில் சிவப்பு வளையம் போட்ட வெள்ளைப் பலகையும் அதன் கீழே ‘எச்செத்தோ ஃப்ரொந்திஸ்தி’ என்ற வாசகமும் இருக்கும். பொது வாகனங்களுக்குத் தடை, அந்தப் பாதையில் வீடு நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு என்று பொருள். ஆகவே டிராக்டரோ பழைய ஃபியட்டோ எப்போதாவது வரும். நீல வட்டத்துக்குள் வெள்ளைச் சைக்கிள் படம் இருந்தால்தான் அது முழுச் சைக்கிள் தடம். அதே படத்தின் மேல் சிவப்புக் கோடு கிழித்திருந்தால் தடம் அங்கே முடிகிறது, வண்டிகளோடு கலக்கப் போகிறீர்கள்.

போ ஆற்றைக் கடப்பதுதான் உண்மையான சிக்கல். பாலங்கள் குறைவு, இருப்பவற்றில் லாரிகள் அதிகம். ஞாயிற்றுக்கிழமைப் பகலில் பெரிய சரக்கு லாரிகளுக்கு இத்தாலி முழுவதும் தடை உண்டு. ஆற்றைக் கடக்கும் நாள் ஞாயிறாக அமையும்படி திட்டமிடுங்கள்.

போவுக்குத் தெற்கே உள்ள மிராந்தொலா ஊரை எட்டிவிட்டால் மறுபடி நிம்மதி. பழைய பொலோன்யா–வெரோனா ரயில் பாதையின் தண்டவாளத்தை எடுத்துவிட்டு 46 கி.மீ.க்குத் தார்த் தடம் போட்டு 2021 ஏப்ரலில் திறந்தார்கள். பொலோன்யாவை நெருங்கும் ஓஸ்தேரியா நுவோவா வரை அது போகிறது. ரயில் ஓடிய பாதை என்பதால் நேர்கோடு, நிழல் குறைவு. வழியில் உள்ள ஊர்களில் கோட்டைகளும் தேவாலயங்களும் 2012 மே மாத நிலநடுக்கத்தில் சேதமடைந்தவை. உள்ளே போகலாமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பஞ்சர் ஒட்டத் தெரியும். வாடகைச் சைக்கிளுக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும்? – தஞ்சாவூர் வாசகர்

முதலில் வால்வைப் பாருங்கள். நம்மூர்ச் சைக்கிளில் இருக்கும் ரப்பர் குழாய் வால்வு அங்கே வாடகை வண்டிகளில் அபூர்வம். கார் டயரில் இருப்பது போன்ற தடித்த ஷ்ரேடர், அல்லது மெல்லிய பிரெஸ்டா இருக்கும். பிரெஸ்டாவின் நுனியில் ஒரு குட்டித் திருகு உண்டு. அதைத் தளர்த்தி, ஒருமுறை லேசாக அமுக்கி ‘உஸ்’ என்று காற்று வந்த பிறகுதான் பம்பை மாட்ட வேண்டும். அமுக்காமல் மாட்டினால் ஒட்டிக்கொண்ட வால்வு திறக்காது, எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது. பம்பைக் கோணலாகப் பிடுங்கினால் அந்த நுனி வளைந்துவிடும், அப்புறம் டியூபை மாற்ற வேண்டியதுதான்.

டயர் பக்கவாட்டில் 37-622 என்பது போல ஓர் எண் அச்சாகியிருக்கும். உபரி டியூப் அதற்குப் பொருந்துவதாக இரண்டு, டயர் நெம்பி இரண்டு, கைப்பம்பு, ஒட்டு, சொல்யூஷன், உப்புத்தாள். பின்சக்கரம் நட்டு போட்டு முறுக்கியதாக இருந்தால் 15 எண் ஸ்பேனரும் வேண்டும். கியர் குடத்துக்குள்ளே இருக்கும் வண்டியில் பின்சக்கரத்தைக் கழற்றுவது பெரிய வேலை. நம்மூர்ப் பஞ்சர் கடையில் செய்வது போலச் சக்கரத்தைக் கழற்றாமல் டயரை ஒரு பக்கம் நெம்பி, டியூபை வெளியே இழுத்து ஒட்டிவிடுவதே புத்திசாலித்தனம். சொல்யூஷன் தடவி ஐந்து நிமிடம் காய விடுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் காற்று ஏறும்போது ஒட்டு ஓரத்தில் கிளம்பிவிடும்.

ஆற்றங்கரைகளில் முக்கிய எதிரி நமக்குத் தெரிந்ததுதான்: நெருஞ்சி. கோடைக் கடைசியில் காய்ந்து உதிர்ந்த முள், தடத்தின் ஓரப் புல்லில் கிடக்கும். வண்டியை ஓரம் கட்டும்போது புல்லில் இறக்காதீர்கள். குத்திவிட்டால் டியூபில் ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து, டயரிலும் அதே இடத்தைத் தேடுங்கள். முள்ளின் தலை ஒடிந்து நுனி மட்டும் ரப்பருக்குள் இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உள்பக்கமாக விரலை மெதுவாக ஓட்டினால் சுருக்கென்று படும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அதுவும் போகும். நெருஞ்சி ஒன்றோடு நிற்பதில்லை, சக்கரம் முழுக்கத் தடவிப் பாருங்கள்.

எந்த மாதம் நல்லது? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டலாம்? – கோவை வாசகர்

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை, அல்லது செப்டம்பர் முதல் அக்டோபர் நடு வரை. ஜூலை, ஆகஸ்டில் 30 டிகிரிக்கு மேல் புழுக்கம், சாயங்காலம் கொசு. சில நாள் பிற்பகலில் ஆலங்கட்டியோடு இடிமழை பிடிக்கும். கரைமேல் ஒதுங்க ஒரு கூரை இருக்காது. மேற்கே கறுத்தால் உடனே கீழே ஊருக்குள் இறங்கிவிடுங்கள்.

சமதரையில் மணிக்கு 15 கி.மீ. என்று கணக்குப் போடுவோம். எதிர்காற்று என்றால் அது பத்தாகிவிடும். மலையில் ஏறினால் இறக்கம் உண்டு, எதிர்காற்றுக்கு அந்தக் கருணை கிடையாது. காற்று நாளில் 35, சாதாரண நாளில் 50 கி.மீ. போதும். மின்சைக்கிள் எடுத்தாலும் இதே கதைதான், எதிர்காற்றில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். இருக்கை உயரத்தையும் கிளம்பும் முன்பே சரிசெய்யுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். தாழ்வாக வைத்து ஓட்டினால் முதல் நாள் சாயங்காலமே முழங்கால் சொல்லிவிடும்.

சுத்த சைவம். பட்டினிதானா? – மதுரை வாசகர்

இல்லை. மாந்தொவாவின் தனி உணவே பரங்கிக்காய் அடைத்த தோர்த்தெல்லி, வெண்ணெயும் சால்வியா இலையும் போட்டுத் தருவார்கள். மாவில் முட்டை உண்டு. அதில் சேரும் பாலாடைக்கட்டியோ கன்றின் இரைப்பை நொதியால் உறைய வைத்தது. கட்டுப்பாடானவர்கள் அதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள். பொர்கெத்தோவை ஒட்டிய வலெஜ்ஜோ ஊரின் தோர்த்தெல்லினியில் இறைச்சி இருக்கும். ரிசொத்தோ சோறு பார்க்கச் சைவமாக இருந்தாலும் பல இடங்களில் இறைச்சிச் சாறில் வேக வைப்பார்கள். ‘சென்சா கார்னே, சென்சா ப்ரோதோ தி கார்னே’ (இறைச்சி இல்லாமல், இறைச்சிச் சாறும் இல்லாமல்) என்று இரண்டையும் சொல்லிக் கேளுங்கள். மதியச் சமையல் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை மணியோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு போனால் ரொட்டிதான்.

பெஸ்கியெராவில் எடுத்த சைக்கிளை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது? – பாரிஸ் வாசகர்

மாந்தொவாவிலிருந்து வெரோனா, அங்கே மாறிப் பெஸ்கியெரா. சைக்கிள் படம் போட்ட வட்டார ரயிலில் மட்டும் ஏறுங்கள், சைக்கிளுக்குத் தனி டிக்கெட் உண்டு. காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் நிலைய இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். வெரோனாவில் நடைமேடை மாற இருபது நிமிடமாவது வைத்துக்கொள்ளுங்கள். மின்சைக்கிள் 25 கிலோ எடை வரும். பைகளைக் கழற்றித் தோளில் போட்ட பிறகு தூக்குங்கள்.

ஃபெர்ராராவைச் சைக்கிள் நகரம் என்கிறார்களே, ஒருநாள் போதுமா? – யாழ்ப்பாண வாசகி

இரண்டு இரவு தங்குங்கள். கோட்டைச் சுவர் சுமார் 9 கி.மீ. சுற்று, அதன்மேலும் அடியிலும் மர நிழலில் ஓட்டலாம். ஊருக்குள் பழைய தெருக்களில் ஆற்றுக் கூழாங்கல் பதித்திருக்கும், மாந்தொவாவிலும் அப்படித்தான். நடுவே வண்டிச் சக்கரத்துக்காகப் போட்ட கற்பலகை வரிசை இருந்தால் அதன்மேல் போங்கள். இல்லாவிட்டால் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் இறங்கித் தள்ளுவதே மேல். நகரத்துக்கு வடக்கே போ ஆற்றின் வலக்கரையில் கடல் பக்கம் கொரீனோ வரை நூறு கி.மீ.க்கு மேல் தடம் ஓடுகிறது. ஊர்கள் எல்லாம் கரைக்குக் கீழே இருப்பதால், மேலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் தண்ணீர்க் குழாய் கண்ணில் படாது. குப்பியில் பாதி இருக்கும்போதே அடுத்த சரிவில் இறங்கி நிரப்புங்கள்.