ஜப்பானில் பழைய பாணி வெந்நீர் ஊற்று விடுதியில் தங்க எந்த ஊர் நல்லது? என்ன தெரிந்திருக்க வேண்டும்?

முதல் முறை என்றால் கினோசாகிக்குப் போங்கள். கியோத்தோவிலிருந்து விரைவு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். 1925 நிலநடுக்கத்தில் நாசமான ஊர், மறுபடியும் மரக் கட்டடங்களோடே எழுந்தது. நடுவே சிற்றாறு, கரையில் வில்லோ மரங்கள். விடுதிக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் ஊரையே அனுபவிக்கலாம் என்பதுதான் எனக்குப் பிடித்தது. இங்கே ஏழு பொதுக் குளியல் இல்லங்கள் உண்டு, தங்குபவர்களுக்குக் கட்டணமில்லை. சாயங்காலம் யுகாதா என்ற மெல்லிய பருத்தி அங்கி உடுத்தி, மரச்செருப்பு டக் டக்கென்று ஒலிக்க ஒவ்வொன்றாகப் போய் வரலாம். யுகாதாவின் இடப்பக்கம் மேலே வரட்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு.

குளிக்கும் முறை முக்கியம். ஆண், பெண் தனித்தனி, உடையே கூடாது. சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய பிறகுதான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். சிறு துண்டு தண்ணீரில் படக்கூடாது, தலைமேல் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். கூச்சமாக இருந்தால் தனிக் குளியலறை உள்ள விடுதியைப் பாருங்கள்.

கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்றுதான், இரண்டு வேளைச் சாப்பாட்டோடு. இரவுச் சாப்பாடு குறித்த நேரத்தில் வந்துவிடும், ஐந்து மணிக்குள் போய்ச் சேருங்கள்.

அப்புறம், சைவம் என்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். போன பிறகு சொன்னால் அவர்களால் மாற்ற முடியாது.