ஜாக் கைலும் டேலியின் ஜெர்சியும்

அன்புள்ள ஐயா,

ஓய்வுபெற்ற விளையாட்டு வீரர்களைப் பற்றிய பதிவில், அயர்லாந்து ரக்பி வீரர் ஜாக் கைலின் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குத் தாவிவிட்டீர்கள். காசே வாங்காமல் ஆடினார், அப்புறம் டாக்டராக ஆப்பிரிக்கா போனார் என்று படித்தேன். வீரர்கள் ஏலத்தில் போகும் இந்தக் காலத்தில் அந்தத் தலைமுறையை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. விரிவாக எழுதுங்களேன்.
ரா.

அன்புள்ள ரா.,

கைலைப் பற்றி எழுத எனக்கும் ஆசைதான். உங்கள் ஏக்கத்தோடு மட்டும் கொஞ்சம் சண்டை இருக்கிறது.

1926இல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். ஆடியது ஃப்ளை-ஹாஃப். முன்வரிசைத் தடியர்கள் முட்டி மோதி எடுத்துத் தரும் பந்தை வாங்கி, உதைப்பதா, பக்கத்து ஆளிடம் தள்ளுவதா, தானே புகுந்து ஓடுவதா என்று கண் இமைப்பதற்குள் முடிவெடுக்க வேண்டிய இடம். கைல் மைதானத்தில் இருப்பதே சில நேரம் தெரியாதாம். எதிரணி அசந்த நேரத்தில் இடைவெளிக்குள் நுழைந்திருப்பார்.

1947 முதல் 1958 வரை அயர்லாந்துக்கு 46 ஆட்டங்கள். இவ்வளவுதானா என்று தோன்றும்; பின்னாளில் அயர்லாந்துக்கு ஆடிய பிரையன் ஓ'டிரிஸ்கால் 133 ஆடியிருக்கிறார். அன்றைக்கு வருடத்துக்கு நாலைந்து ஆட்டம் கிடைத்தாலே அதிகம். 1950இல் லயன்ஸ் அணியோடு (பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்த கூட்டணி) நியூசிலாந்துக்குக் கப்பலில் போய் வந்தபோது அவர் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர். அடுத்த வருடம்தான் பட்டம்.

சரி, கைலின் பெயர் நிலைத்த 1948க்கு வருவோம். பிரான்ஸ், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து மூவரையும் வென்றாகிவிட்டது. மிச்சம் வேல்ஸ். ஜெயித்தால் அயர்லாந்தின் முதல் கிராண்ட் ஸ்லாம், அதாவது ஐந்து நாடுகளின் போட்டியில் மற்ற நான்கையும் ஒரே வருடத்தில் வெல்வது. மார்ச் 13, பெல்ஃபாஸ்டின் ரேவன்ஹில் மைதானம். (பெல்ஃபாஸ்ட் பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்தில். நாடு இரண்டாகப் பிரிந்தும் ரக்பி அணி ஒன்றாகவே இருந்தது, இன்றும் அப்படித்தான்.) ஒரு ட்ரைக்கு, அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்துவதற்கு, அப்போது 3 புள்ளிதான். 3-3 என்று நின்ற ஆட்டத்தில் முன்வரிசைக்காரர் ஜாக் டேலி பந்தின் மேல் விழுந்து ட்ரை போட்டார். 6-3. விசில் ஊதியதும் கூட்டம் உள்ளே புகுந்து, டேலியின் ஜெர்சியை அவர் உடம்பிலிருந்தே கிழித்து எடுத்துக்கொண்டது.

உங்கள் ஏக்கத்துக்கான பதில் இந்த டேலிதான். சில வாரங்களில் அவர் இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்ட் ரக்பி லீக் கிளப்பில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். லீக் என்பது ரக்பியின் காசு தரும் கிளை; கைலும் அயர்லாந்தும் ஆடியது காசில்லாத யூனியன் ரக்பி. லீக் பணத்தைத் தொட்டவனுக்கு யூனியன் ரக்பியில் அப்போது இடம் கிடையாது. அயர்லாந்துக்காக அவர் மறுபடி ஆடவே இல்லை. காசில்லாமல் ஆடுவது டாக்டராகப் போகிறவருக்குக் கட்டுப்படியாகும். கூலிக்கு உழைக்கிறவனுக்கு? 1995 வரை யூனியன் ரக்பி இந்த ஆசாரத்தைக் காப்பாற்றியது. அதை நினைத்து என்னால் ஏங்க முடியவில்லை.

இதில் கைல்மேல் குற்றம் ஏதுமில்லை. ஆட்டம் அவருக்குப் படிப்புக்கும் வேலைக்கும் நடுவே நடந்த ஒன்று, அவ்வளவுதான். அறுபதுகளின் தொடக்கத்தில் இந்தோனேசியா போனார். பிறகு 1966இல் ஜாம்பியாவின் செப்புச் சுரங்க ஊரான சிங்கோலா. அங்கே அறுவை சிகிச்சை நிபுணராக 34 வருடம். எய்ட்ஸ் அந்த நாட்டைப் பிடித்து உலுக்கிய வருடங்களும் அதில் அடக்கம். ரக்பி என்றால் என்னவென்றே கேட்டிராத எத்தனை பேரின் வயிற்றைத் திறந்து தைத்திருப்பார்! 2000இல்தான் ஊர் திரும்பினார். தியாகி என்று மாலை போட வேண்டாம். வேலைக்குப் போனார், பிடித்துப்போய்த் தங்கிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த கிராண்ட் ஸ்லாமுக்கு அயர்லாந்து 61 வருடம் காத்திருந்தது. 2009, கார்டிஃப், மறுபடி வேல்ஸ், 17-15. அரங்கில் 83 வயது கைல் இருந்தார். அவரும் ஓ'டிரிஸ்காலும் சேர்ந்து நிற்கும் படம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். 2014 நவம்பரில் கைல் காலமானார்.

டேலியைப் பற்றித் தனியாக எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்.