ஓய்வுக்குப் பிறகு ஆர்.வி. டீலரிடம் வேலை: விற்கப் போகாதீர்கள், சொல்லிக்கொடுக்கப் போங்கள்

கேள்வி: அமெரிக்காவில் முப்பது வருஷமாக இருக்கிறேன். தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றேன். வயது 63. சோஷியல் செக்யூரிட்டி என்கிற அரசு ஓய்வூதியப் பணம் வர ஆரம்பித்துவிட்டது. இரண்டு வருஷம் முன்பு நானும் மனைவியும், ஆர்.வி. என்கிற பயண வீட்டு வண்டிகளில் ஒரு வகையான, டிரக்கின் பின்னால் இழுத்துப் போகிற டிராவல் ட்ரெய்லர் ஒன்று வாங்கினோம். அதைச் சர்வீசுக்கு விட்ட டீலரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, "வாரம் மூன்று நாள் வருகிறீர்களா, விற்பனையிலோ, வண்டிகள் நிற்கும் யார்டிலோ ஆள் வேண்டும்" என்று மேனேஜர் கேட்டார். எனக்கு ஆசையாக இருக்கிறது. பையன் "இந்த வயசுல எதுக்குப்பா?" என்கிறான். மனைவியோ, "ஊரார் வண்டியைப் பார்க்கப் போனா நம்ம வண்டி வீட்டு வாசல்லயேதான் நிற்கும்" என்கிறார். போகலாமா? சோஷியல் செக்யூரிட்டி பணம் நின்றுவிடுமா?

பதில்: போகலாம். ஆனால் உங்கள் மனைவி சொன்னதுதான் இந்தக் கடிதத்திலேயே முக்கியமான வாக்கியம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் எந்த வேலை என்பது. விற்பனைக்குப் போகாதீர்கள். பல மாநிலங்களில் வண்டி விற்பவருக்கு லைசென்ஸ் வேண்டும், அது பெரிய விஷயமில்லை, எடுத்துவிடலாம். கமிஷன்தான் சிக்கல். வாரம் மூன்று நாள் மட்டும் வருகிறவர் ஒரு வாடிக்கையாளரிடம் இரண்டு மணி நேரம் பேசி அனுப்புவார், அவர் யோசித்துவிட்டு நீங்கள் இல்லாத நாளில் வந்து வேறொருவரிடம் கையெழுத்துப் போடுவார், அப்புறம் கமிஷன் யாருக்கு என்று ஒரு மனக்கசப்பு. சனி ஞாயிறு விட்டுத் தரவே மாட்டார்கள், அன்றுதான் கூட்டம்.

யார்டு வேலை பரவாயில்லை, ஆனால் அதில் ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்: கூரை மேல் ஏறமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கூரையில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் சீலன்ட் பார்ப்பது, ஏ.சி. மூடியைக் கழற்றுவது எல்லாம் ஏணி வேலை. அறுபது தாண்டியவர் பத்து, பதினொரு அடி உயரத்திலிருந்து விழுந்தால் பிறகு எழுந்து நடக்கவே மாதக்கணக்காகும். வெயிலில் நிற்கும் ட்ரெய்லருக்குள் போய் வேலை செய்வதும் அப்படித்தான், ஜன்னல் மூடிக் கிடந்த வண்டிக்குள் வெளியே இருப்பதைவிடப் பல மடங்கு புழுக்கம் இருக்கும்.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய வேலை மூன்றாவது ஒன்று. வண்டி வாங்கியவரிடம் ஒப்படைக்கிற அன்று, ஒவ்வொன்றும் எப்படி வேலை செய்கிறது என்று கூடவே நின்று காட்டுகிற வேலை. அங்கே அதை வாக்-த்ரூ என்பார்கள்.

எங்கள் முதல் ட்ரெய்லரை வாங்கியபோது அந்த வேலையில் இருந்தவருக்கு எழுபது வயதிருக்கும், அவரும் ஓய்வுக்குப் பிறகு பகுதி நேரமாக வந்தவர்தான். மூன்று மணி நேரம் எங்களோடு இருந்தார். எதையும் அவர் செய்து காட்டவில்லை, எல்லாவற்றையும் எங்கள் கையாலேயே செய்ய வைத்தார். நான் வாட்டர் ஹீட்டரின் மின் சுவிட்சைப் போடப் போனபோது தடுத்து, உள்ளே தண்ணீர் நிரம்பிவிட்டதா, தண்ணீரை ஹீட்டருக்குள் விடாமல் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். காலி டேங்கில் போட்டால் உள்ளே இருக்கும் கம்பி கொஞ்ச நேரத்திலேயே எரிந்துபோகும். கழிவறை டேங்கின் வால்வை முகாமில் திறந்தே வைக்கக்கூடாது, திரவம் மட்டும் ஓடிப்போய் மற்றது அடியில் கெட்டியாகக் குவிந்துவிடும் என்றார். கிளம்பி ஐம்பது மைல் போனதும் நிறுத்தி வீல் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு விசையில் இறுக்கும் ஸ்பேனர்) வைத்து இறுக்கச் சொன்னார். அன்று அவர் அவசரப்பட்டிருந்தால் முதல் பயணத்திலேயே நாங்கள் எதையாவது உடைத்திருப்போம். இன்றும் அவரை நன்றியோடு நினைக்கிறேன்.

இந்த வேலைக்கு இளைஞர்களை வைத்தால் பெரும்பாலும் நாற்பது நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள், அடுத்த வண்டி காத்திருக்கிறது. இயந்திரங்களோடு காலமெல்லாம் இருந்த உங்களுக்குப் பொறுமையும் இருக்கும், எது எப்படிக் கெடும் என்ற உள்ளுணர்வும் இருக்கும்.

இன்னொன்று, எனக்கு மனதை உறுத்துகிற விஷயம். விற்கிறவர்கள் ட்ரெய்லரை இழுக்கப்போகிற பிக்கப் டிரக்கின் இழுக்கும் திறனை மட்டும் பேசுவார்கள். 9,000 பவுண்டு இழுக்கும், ட்ரெய்லர் 7,000தான், கவலையே வேண்டாம் என்பார்கள். ஆனால் ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம், டிரக்கையும் ட்ரெய்லரையும் இணைக்கும் ஹிட்ச் மேல் உட்கார வேண்டும், அப்போதுதான் அது ஆடாமல் பின்னால் வரும். 7,000 என்றால் 700 முதல் 1,050 பவுண்டு. அந்தப் பாரம் டிரக்கின் சுமை தாங்கும் அளவில் கழியும். அந்த அளவு, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள்-வெள்ளை ஸ்டிக்கரில், ஆட்களும் சாமானும் சேர்த்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அச்சிட்டிருக்கும். அதில் 1,400 என்று இருந்து, ஹிட்ச் பாரம் 840, கணவன் மனைவி இரண்டு பிள்ளைகள் சேர்த்து 550 என்றால், ஒரு பெட்டிகூட ஏற்றாமலே 1,390 வந்துவிட்டது. வண்டி வெளியே போவதற்கு முன் இதைக் கடைசியாகப் பார்க்கக்கூடியவர் நீங்கள்தான். இந்தக் கணக்கை வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொல்ல அனுமதி உண்டா என்று மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள். முகம் சுளித்தால் அந்த இடம் உங்களுக்கு வேண்டாம். ஒரு குடும்பம் மலைப்பாதையில் இறங்கும்போது உங்கள் மௌனம் அவர்களோடு போகக்கூடாது.

சரி, பணம். நின்றுவிடாது, ஆனால் குறையலாம். நீங்கள் 1960-க்குப் பிறகு பிறந்தவர், முழு ஓய்வு வயது 67. 67 ஆகும் வருஷத்துக்கு முந்தைய வருஷம் வரை, வருஷ வரம்புக்கு மேல் சம்பாதித்தால் கூடுதலாக வரும் ஒவ்வொரு 2 டாலருக்கும் 1 டாலரை சோஷியல் செக்யூரிட்டியில் நிறுத்தி வைப்பார்கள். 2025-இல் அந்த வரம்பு 23,400 டாலர், வருஷா வருஷம் கொஞ்சம் ஏறும். மணிக்கு 20 டாலர், வாரம் 24 மணி நேரம் என்று 52 வாரமும் போனால் 24,960 வரும், வரம்பைவிட 1,560 அதிகம், அதாவது 780 டாலர் நிறுத்துவார்கள். சிறுகச் சிறுகப் பிடிக்காமல் ஒரு மாதப் பணத்தையே மொத்தமாக நிறுத்துவதும் உண்டு, அப்போது பதறாதீர்கள். நிறுத்திய மாதங்களைக் கணக்கில் எடுத்து 67 வயதில் உங்கள் மாதத் தொகையை உயர்த்துவார்கள். தொழிற்சாலை பென்ஷனும் 401கே ஓய்வுக்காலச் சேமிப்பில் எடுக்கும் பணமும் இந்த வரம்பில் சேராது, உழைத்து வரும் வருமானம் மட்டும்தான்.

வருமான வரி தனி. தம்பதியாகத் தாக்கல் செய்தால், மற்ற வருமானமும் சோஷியல் செக்யூரிட்டியில் பாதியும் சேர்ந்து 32,000 டாலரைத் தாண்டியதும் அந்தப் பணத்தில் ஒரு பகுதிக்கு வரி உண்டு. 65 வரை மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது, எனவே தனிநபர்கள் வாங்கும் மார்க்கெட்பிளேஸ் மருத்துவக் காப்பீட்டில் மானியம் வாங்குகிறீர்கள் என்றால் இந்தச் சம்பளத்தால் அது எவ்வளவு குறையும் என்று முதலில் பாருங்கள், சோஷியல் செக்யூரிட்டி குறைவதைவிட அது பெரிதாக இருக்கலாம். அப்புறம், டபிள்யூ-2 ஊழியராகத்தான், அதாவது சம்பளப் பட்டியலில் உள்ள ஊழியராகத்தான், சேர்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஒப்பந்தக்காரர் என்று கணக்கு வைத்து 1099 படிவம் கொடுத்தால் 15.3 சதவீத சுயதொழில் வரி முழுக்க உங்கள் தலையில் விழும், யார்டில் அடிபட்டால் ஊழியர் இழப்பீட்டுக் காப்பீடும் பொதுவாகக் கிடைக்காது.

இந்த வருமானத்தை நம்பி எந்தக் கடனும் வாங்காதீர்கள். இந்தத் தொழில் அப்படி ஏறி இறங்கும். 2021-இல் தொழிற்சாலைகளிலிருந்து 6 லட்சம் ஆர்.வி.கள் டீலர்களுக்குப் போயின, 2023-இல் அது ஏறக்குறைய 3 லட்சத்து 13 ஆயிரம். விற்பனை படுத்தால் பகுதி நேரக்காரரின் மணி நேரத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள். குளிர் பிரதேசமாக இருந்தால், இலையுதிர் காலத்தில் குழாய்களுக்குள் பிங்க் ஆன்டிஃப்ரீஸ் என்கிற உறைதடுப்புத் திரவம் ஏற்றி வண்டிகளை மூடிவிட்ட பிறகு வசந்தம் வரை பெரிதாக வேலையே இருக்காது.

பையன் கேட்டதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் அவனைக் கூட்டிப்போய் நீங்கள் சொல்லிக்கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் மனைவி. அவர் வெயிலைப் பற்றியோ கௌரவத்தைப் பற்றியோ பேசவில்லை. டீலருக்கு ஆள் தேவைப்படுவது வசந்தத்திலிருந்து கோடை முடியும் வரை. நீங்கள் இருவரும் ட்ரெய்லரை எடுத்துக்கொண்டு கிளம்பக்கூடியதும் அதே மாதங்கள்தான். இத்தனை வருஷம் ஷிப்டுக்கும் ஓவர்டைமுக்கும் காத்திருந்தவர், இப்போது மூன்றாவதாக ஒரு முதலாளிக்காகக் காத்திருக்கச் சொன்னால் கோபம் வராதா? அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

மேனேஜருக்குப் பதில் சொல்வதற்கு முன் ஒரு காலண்டரை எடுத்துக்கொண்டு மனைவியோடு உட்காருங்கள். எந்த வாரங்களில் எங்கே போகிறீர்கள் என்று அவர் கையாலேயே குறிக்கட்டும், ஆறு வாரமோ எட்டு வாரமோ, நீங்கள் பேரம் பேசாதீர்கள். அந்தத் தாளோடு போய், இந்த நாட்களில் நான் வரமாட்டேன், ஒப்பந்தத்தில் எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். நல்ல வாக்-த்ரூ ஆளுக்கு அலைகிற டீலர் என்றால் ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்து, அந்தத் தாளில் முதலில் குறித்திருக்கும் ஊருக்கு முகாம் இடத்தைப் பதிவு செய்துவிடுங்கள்.