மந்திரம் அரசனின் பிடியில் இருக்கும் நாவலில், அந்தப் பிடியை வாசகர் நம்பும்படி எழுதுவது எப்படி?

அரசன் மந்திரத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் ஓர் உலகைப் பற்றி நாவல் எழுதுவதாகவும், அதில் வரும் சட்டங்கள் தமக்கே செயற்கையாகத் தோன்றுவதாகவும் கேட்டவர் சொல்லியிருக்கிறார். இவ்வகை நாவல்களை விரும்பிப் படிப்பவன் என்ற முறையில் என் கருத்து இதுதான்: 'மந்திரம் தடை செய்யப்பட்டது' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் வாசகர் நம்பமாட்டார். தன் கருவூலத்தையும் தன் உயிரையும் எது தொடுமோ, அதற்குத்தான் அரசன் அஞ்சுவான்.

இங்கிலாந்தில் நான்காம் ஹென்றியின் காலத்தில், 1404இல், ரசவாதத்தால் பொன்னையும் வெள்ளியையும் பெருக்குவது பெருங்குற்றமாக்கப்பட்டது. ஆனால் அதே வேலையைச் செய்துகொள்ள ஆறாம் ஹென்றி பின்னாளில் சிலருக்குத் தனி உரிமம் வழங்கினார். முதலாம் எலிசபெத்தின் காலத்தில் வந்த 1581ஆம் ஆண்டுச் சட்டமோ, ராணி எத்தனை காலம் வாழ்வார் என்று ஜாதகம் கணிப்பதைக் குற்றமாக்கியது. அதே ராணியின் முடிசூட்டு விழாவுக்கு நாள் குறித்துக் கொடுத்தவர் ஜான் டீ என்ற அறிஞர். நாள் குறிக்கலாம், ஆயுளைக் கணிக்கக் கூடாது! உங்கள் அரசனின் சட்டத்திலும் இப்படிப்பட்ட முரண் இருக்கட்டும்.

மந்திரவாதியின் நிலையைக் காட்ட, எனக்குத் தெரிந்தவரை, பெட்கரின் கதையைவிடப் பொருத்தமானது வேறில்லை. பொன் செய்யத் தெரிந்தவர் என்று பெயரெடுத்த அந்த ஜெர்மானிய இளைஞர், 1701இல் பிரஷ்ய மன்னரின் பிடிக்குத் தப்பிச் சாக்சனிக்கு ஓடினார். அங்கே அகஸ்டஸ் மன்னர் அவரைக் காவலில் வைத்துக்கொண்டார். தப்பியோடினார், மீண்டும் பிடிபட்டார். பொன் கடைசிவரை வரவில்லை. ஆனால் சிர்ன்ஹவுஸ் என்ற அறிஞரோடு சேர்ந்து செய்த சோதனைகளின் பயனாக, 1708இல், சீனத்திலிருந்து வந்துகொண்டிருந்த பீங்கானைச் செய்யும் முறை பிடிபட்டது. 1710இல் மைசன் கோட்டையில் அரசரின் ஆலை எழுந்தது. அதற்குப் பிறகும் அவருக்கு உடனே விடுதலை கிடைக்கவில்லை, ஏனெனில் அந்தச் செய்முறை அவர் தலைக்குள் இருந்தது. மந்திரவாதியைத் தூக்கிலிடும் அரசனை எத்தனையோ கதைகளில் பார்த்துவிட்டோம். அவனுக்கு நல்ல உணவும் ஆய்வுக்கூடமும் கொடுத்து, கதவை மட்டும் வெளியே பூட்டிவைக்கும் அரசனே எனக்கு அதிக அச்சம் தருகிறான்.

இன்னொரு பாத்திரமும் கட்டாயம் வேண்டும்: உரிமங்களைச் சரிபார்க்கும் அதிகாரி. அவருக்கு மந்திரம் தெரியாவிட்டால் எதை வைத்துச் சோதிப்பார்? தெரியுமென்றால், அவரைச் சோதிப்பவர் யார்? சட்டப் பிரிவுகளை விளக்கும் அத்தியாயங்களைக் குறைத்துவிட்டு, அந்த அதிகாரியின் மேசைக்கு முன்னால் உரிமத்தைப் புதுப்பிக்க ஒருவரை நிற்கவையுங்கள்.